அவளை விற்ற கை யாருடையது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை. ஐந்து வருடமாக ஒரு வரலாற்று நாவல் எழுதி வருகிறேன். 1660இல் தஞ்சாவூர்ச் சீமைப் பஞ்சத்தின்போது நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) விற்கப்பட்டு, கொழும்புக்குக் கொண்டுவரப்படும் பதினான்கு வயதுப் பெண்ணின் கதை அது. முதல் மூன்று அத்தியாயங்களையும், மீதிக் கதைச் சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். அவளை விற்றுக் கொடுக்கும் தரகர் ஒரு தமிழர். இதை வாசித்த என் பெரியப்பா, "வெள்ளைக்காரன் செய்த பாவத்தை ஏன் எங்கட தலையில போடுறாய்?" என்று கேட்கிறார். அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அவள் பேசியதாக ஒரு வரிகூட எங்கும் பதிவாகாதபோது, அவள் குரலில் எழுத எனக்கு உரிமை உண்டா? கொடுமைகளை எவ்வளவு தூரம் காட்டுவது?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

தரகரை எடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு கதைக்கலாம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக நாவல் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கிறேன். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த மனிதர் பிள்ளையின் பல்லைப் பார்த்துவிட்டு, தன் மேல்துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிடுகிறாரே, அந்த இடத்தில் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். அவரை எடுத்தால் ஒல்லாந்தர் கெட்டவர்கள், தமிழர் பாவப்பட்டவர்கள் என்ற கதைதான் மிஞ்சும். அதற்கு ஐந்து வருடம் தேவையில்லை.

பெரியப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. அவரோடு சண்டை பிடிக்காமல் அந்தக் காலத்தை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656இல் கொழும்பைப் பிடித்தது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அதன் கைக்குப் போயின. அடுத்த வருடமே தஞ்சாவூர்ச் சீமையில் பீஜப்பூர்ப் படைகள் புகுந்து சூறையாடத் தொடங்கின. விஜயராகவ நாயக்கர் ஆண்ட காலம். வயல் எரிந்தது, விளைந்தது கொள்ளை போனது, பஞ்சம் வந்தது. 1659க்கும் 1661க்கும் இடையில் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் மற்றத் துறைகளிலும் கம்பனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் வரை. பெரும்பகுதியினர் இலங்கைக்கே வந்தார்கள். முற்றுகையாலும் போராலும் ஆளில்லாமல் கிடந்த தென்மேற்கு வயல்களில் நெல் விளைவிக்கவும், கோட்டை வேலைக்கும் கம்பனிக்கு ஆள் வேண்டியிருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் இத்தனை ஆயிரம் பேரை ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கிக் கொண்டுவர, பாஷை தெரியாத சில நூறு ஒல்லாந்தரால் முடியுமா? துறைமுகம்வரை நடத்திக்கொண்டு வந்தவர்கள் உள்ளூர்க்காரர். விலை பேசியவர்கள் உள்ளூர்க்காரர். சில வேளை கையைப் பிடித்துக் கொடுத்தது தகப்பன், அல்லது தாய்மாமன். கொடுத்தால் பிள்ளைக்காவது சோறு கிடைக்கும் என்று நினைத்தவர்கள் அதில் இருந்திருப்பார்கள். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மரக்கால் அரிசியாவது வரட்டும் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இது ஒல்லாந்தர் வந்த பிறகு நாம் கற்ற பழக்கமும் இல்லை. 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று திருப்பாம்புரத்தில் இருக்கிறது. அதுவும் சோழநாடுதான், உங்கள் பெண்ணின் ஊருக்குப் பக்கம். பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டதை அது சொல்கிறது. உங்கள் கதைக்கு நாலரை நூற்றாண்டு முந்திய சங்கதி.

யாழ்ப்பாணம் என்றால் பெரியப்பாவுக்கு இன்னும் நெருக்கமாக வரும். 1707இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்கள் வாசித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட சட்டம். நிலம், சீதனம், முதுசம், ஒற்றி என்று பேசிக்கொண்டு போகும் அதே சட்டம் அடிமைகளைப் பற்றித் தனியாகவும் பேசுகிறது. நான்கு சாதியாரைப் பெயர் சொல்லி அடிமைகள் என்கிறது. அந்தப் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று நம்மோடு ஒரே வகுப்பில் படிப்பிக்கிறார்கள், ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். வெட்கம் அவர்களுடையது அல்ல. என் அப்பம்மா, பழைய ஆட்களைப் பற்றிப் பேசும்போது, "அவை எங்கட வீட்டோட வந்தவை" என்பார். வீட்டோடு எப்படி வந்தார்கள் என்று நான் சிறுவயதில் கேட்டதில்லை. சீதனத்தில் காணியோடு ஆட்களும் எழுதிக் கொடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததை நான் அறியும்போது அப்பம்மா இல்லை.

அப்படியானால் கம்பனியின் பாவம் குறைந்துவிடுமா? குறையாது. பஞ்சம் வந்தால் ஆள் மலிவு என்று கணக்குப் போட்டது கம்பனி. கப்பல் விட்டது, பேரேட்டில் எழுதியது, கடல் கடத்தியது. ஊரில் பண்ணையடிமையாக இருந்தவனுக்குக்கூடப் பக்கத்தில் தாய் இருந்தாள், குலதெய்வம் இருந்தது. கம்பனி வாங்கியவர்களுக்கு அது இரண்டும் போனது. இந்த வித்தியாசத்தை நாவல் காட்டினால் போதும், பெரியப்பாவின் கேள்விக்கும் அதில் பதில் இருக்கும்.

தரகரை அரக்கனாகவும் ஆக்கிவிடாதீர்கள். மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்கள் கதை நடக்கும் அதே 1660ஆம் வருடம்தான். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருடம் ஊர் திரும்ப முடியாமல் கண்டி நாட்டில் கிடந்து, கடைசியில் தப்பினார். அந்தச் சிறையிருப்பைப் பற்றி நூலும் எழுதினார். அதன் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? கப்பல் தலைவனாக மடகஸ்காருக்கு அடிமை வாங்கப் போனார். தன் சுதந்திரம் பறிபோனதன் வலியை எழுத்திலேயே வைத்த மனிதர் அவர். உங்கள் தரகரை எழுதும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிப் பிரதிக்குள் வருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும். நாகப்பட்டினத்தில் ஏற்றிய ஆட்களைக் கப்பலின் அடிவயிற்றில் வரிசையாகப் படுக்கவைத்து, சங்கிலியிட்டு, வாரக்கணக்கில் இருட்டில் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அத்திலாந்திக் கப்பல். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டில் ஏற்றப்பட்ட ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் பேரின் கப்பல். இறங்கியவர்கள் ஒரு கோடியே ஏழு இலட்சம் அளவில்தான், மீதிப் பேர் கடலில் போனார்கள். அந்தத் துயரம் அவர்களுடையது. சினிமாவில் பார்த்ததைக் கொண்டுவந்து நம் கடலில் மிதக்கவிட்டால், அவர்களுடைய கதையும் நீர்த்துப்போகும், உங்கள் பெண்ணின் கதையும் காணாமல் போகும்.

அவளுடைய கடல் சின்னது. சிறு தோணியென்றால் பாம்பன், மன்னார்ப் பக்கமாக வரலாம், அல்லது நேரே யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். பெரிய கப்பல் அந்த ஆழமில்லாத கடலில் வராது. இலங்கையைக் கிழக்கே சுற்றி, தெற்கே காலியைத் தாண்டித்தான் கொழும்புக்கு வர வேண்டும். எதில் வந்தாள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். தோணியென்றால் காட்சியே மாறிவிடும். அக்கரையில் ஏறி இக்கரையில் இறங்குகிறாள். இறங்கிய இடத்திலும் பனைமரம் நிற்கிறது, அதே உப்புக்காற்று அடிக்கிறது, துறையில் நிற்பவன் தமிழில் அதட்டுகிறான். ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்பதே அவளுக்கு உடனே பிடிபடாது. நடந்து திரும்பிவிடலாம் போலத் தோன்றும். இந்த நெருக்கம் இருக்கிறதே, இதை அத்திலாந்திக் கதை எதிலும் நீங்கள் பார்க்க முடியாது. மூன்றாம் அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது.

கொழும்பும் உங்கள் பிரதியில் ஒரு நூறு வருடம் தள்ளி நிற்கிறது. அடிமைகளை இரவில் பேர வாவித் தீவில் விட்டு, முதலைகளைக் காவலுக்கு வைத்த கதையோடு தொடங்குகிறீர்கள். அந்த வாவிக்கரையில் இருக்கும் கொம்பனித் தெருவைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை அது, 18ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சொல்லப்படுவது. 1660இல் வைக்காதீர்கள். 1660இன் கொழும்பு, ஏழு மாத முற்றுகையில் பட்டினி கிடந்து, நான்கு வருடத்துக்கு முன் விழுந்த நகரம். போர்த்துக்கேயரின் பெரிய பட்டினத்தை ஒல்லாந்தர் சுருக்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரம். இடிந்த சுவர், சுண்ணாம்புக் காளவாய், கல் சுமக்கும் வரிசை. முதலையைவிட இது எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, கொம்பனித் தெரு மலாய்க்காரர் எல்லோரையும் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். பிழை. அவர்களுடைய முன்னோரில் போர்வீரர்கள் இருந்தார்கள், யாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தாரும் இருந்தார்கள். அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். கதாநாயகியின் பெயர் யாழினி என்பதையும் மாற்றுங்கள், அது நம் காலத்துப் பெயர். காத்தாயி, பொன்னி, பேச்சி, இப்படி ஏதாவது அவள் ஊர் அம்மன் கொடுத்த பெயராக இருக்கட்டும்.

பெயரென்றதும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். கம்பனிப் பதிவுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு எசமான் வைத்த ஒரு பெயர் இருக்கும், அதோடு வந்த இடம் ஒட்டியிருக்கும். சோழமண்டலக் கரையில் வாங்கியவர்கள் என்றால் "வான் டெ குஸ்ட்". கரையைச் சேர்ந்தவள் என்று அர்த்தம், அவ்வளவுதான். தாய் கூப்பிட்ட பெயர் ஏட்டில் ஏறாது. நாவலில் இரண்டு பெயரும் இருக்கட்டும். எந்த இடத்தில் யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் கவனமாக வையுங்கள். வருடக்கணக்கில் யாரும் உச்சரிக்காத பெயரை ஒருநாள் யாரோ கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எழுதிப் பார்க்கலாம்.

உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். உழைத்தால் உண்டு என்பது என் எண்ணம். முதலில், ஆவணங்களில் அவர்கள் பேசவே இல்லை என்பது முழுக்கச் சரியல்ல. கொழும்பு நீதிமன்றத்து வழக்கேடுகளில் அடிமைகளின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளன் வாய் மாறி, எழுத்தன் கை மாறி, "அவள் இவ்வாறு கூறினாள்" என்று வருபவை. அப்படியிருந்தும் உள்ளே ஆள் இருக்கிறது. மரண சாசனங்கள், சொத்துப் பட்டியல்கள் இருக்கின்றன. கட்டில், பித்தளைப் பானை, கண்ணாடி என்று போகும் பட்டியலில் நடுவே ஒரு பெண்ணின் பெயர் வரும். 1694இல் எடுத்த கணக்கின்படி கொழும்பு நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். 1694 முதல் 1696 வரை தனியார் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் 3,859 பேர். அவ்வளவு பேர் ஒரு நகரத்தில் இருந்தால் சமையலும் தையலும் சந்தைக்குப் போவதும் பிள்ளை தாலாட்டுவதும் சண்டையும் சிரிப்பும் களவும் காதலும் எல்லாம் அவர்களுடையதுதான். உங்கள் மூன்று அத்தியாயத்தில் அவள் அழுகிறாள், பயப்படுகிறாள், அடி வாங்குகிறாள். ஒருமுறைகூட யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வேலையைக்கூட நன்றாகச் செய்யவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை அப்படி இருக்குமா?

அவள் எந்த மொழியில் பேசினாள் என்றும் யோசியுங்கள். ஒல்லாந்தர் வீடுகளில் அடிமைகளோடு பேசிய பாஷை பெரும்பாலும் ஒல்லாந்தம் அல்ல, கலப்புப் போர்த்துக்கேயம். வங்கத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் பாலியிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அடுக்களையில் நின்றால் பொதுவாக ஒரு பாஷை வேண்டுமே. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதெல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. ஊரில் திண்ணையும் பாயும் மட்டும் பார்த்த பெண் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள், துடைக்க வேண்டிய பொருட்களின் பெயராக. அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும் மேசை இழுப்பறையைச் சொல்லும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை. இந்தச் சொற்களை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு அது கைவரும்.

ஆனால் "என் சுதந்திரத்தை யாரும் பறிக்க முடியாது" என்று அவள் மனதுக்குள் பேசும் பக்கங்கள் வேண்டாம். அவை நம் காலத்து வசனங்கள். அவளிடம் இருந்த சொல் அடிமை. அந்தச் சொல்லோடு நாம் பழகிய விதமே வேறு. சுந்தரரைக் கல்யாணப் பந்தலில் தடுத்தாட்கொள்ள இறைவன் கிழ வேதியராக வந்து நீட்டியது என்ன? ஆளோலை. பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமைச் சீட்டு. அந்தக் கதையைத் தஞ்சாவூர்ச் சீமையில் கோயில் வாசலில் நின்று கேட்டு வளர்ந்த பெண் இவள். அடிமையாவது பேறு என்று பாடும் பாட்டு ஒரு காதில், அவளுக்கென்று எழுதப்பட்ட ஓலை தரகரின் இடுப்பில். அந்த இரண்டையும் அவள் எப்படிச் சேர்த்துப் பார்த்தாள்? சாமி மீது கோபம் வந்ததா, சாமியைத்தான் பிடித்துக்கொண்டாளா? இதற்குப் பதில் எந்தச் சுவடியிலும் இல்லை. கற்பனை செய்ய உங்களுக்கு உரிமையுள்ள இடம் இதுதான். பதிவில் இருப்பதை மாற்றாதீர்கள், பதிவு வாய்மூடிய இடத்தில் துணிந்து எழுதுங்கள், எது பதிவு எது உங்களுடையது என்று நாவலின் கடைசியில் இரண்டு பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

கொடுமையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. ஓர் இடத்தில் முழுதாகக் காட்டுங்கள், பார்வையைத் திருப்பாமல். பிறகு அதன் தழும்பு மட்டும் வரட்டும். மூன்று அத்தியாயத்தில் நாலு சவுக்கடி வந்தால் ஐந்தாவதை வாசகர் தாண்டிப் போய்விடுவார். கண்டிக்குத் தப்பி ஓடும் திட்டம் உங்கள் சுருக்கத்தில் இருக்கிறது, நல்லது, அப்படி ஓடியவர்கள் உண்டு. கண்டியிலும் அடிமைமுறை இருந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எல்லையைத் தாண்டியதும் விடிந்துவிடவில்லை.

முடிவுரையில் ஒரு திருத்தம். அவள் கொள்ளுப்பேத்தி 1796இல் பிரித்தானியர் வந்ததும் விடுதலையாவதாக எழுதத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளைச் சுதந்திரமாக விட எசமான்கள் பலர் ஒப்புக்கொண்டார்கள். 1833இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் இலங்கையைப் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. இங்கே அது சட்டப்படி முடிந்தது 1844இல், 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். கொள்ளுப்பேத்தியை வைத்து முடிக்க முடியாது, இன்னும் இரண்டு தலைமுறை தேவை.

பாடசாலை விடுமுறையில் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒருமுறை போங்கள். கம்பனிக் காலத்து ஏடுகள் அங்கே இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003இல் சேர்த்த தொகுதியின் ஒரு பகுதி அவை. ஒல்லாந்தம் வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. பதவி விட்டுப்போகும் ஆளுநர்கள் அடுத்தவருக்காக எழுதி வைத்த குறிப்புகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன, அவற்றில் தொடங்குங்கள். அப்படியே புறக்கோட்டை இளவரசர் வீதியில் ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீட்டையும் பாருங்கள். உங்கள் கதைக்கு முப்பது வருடம் பிந்தியது. ஆனாலும் முன் மண்டபத்தில் நிற்காமல் பின்முற்றத்துக்குப் போய் நின்று பாருங்கள். அவள் நின்றிருக்கக்கூடிய பக்கம் அது.

பெரியப்பாவுக்கு முழு நாவலையும் இப்போது காட்ட வேண்டாம். தோணிக் காட்சியைத் திரும்ப எழுதி முடித்ததும், தரகர் முகம் துடைக்கும் பக்கத்தையும் சேர்த்து அவரிடம் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று, புதிய மூன்றாம் அத்தியாயத்தோடு எனக்கும் எழுதுங்கள்.